காத்திருப்புக்கும் எல்லை வேண்டும்

ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் நேரத்தில் அந்த இன்னொன்று இயங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செய்தியை வரிசையில் வாங்கி வைத்து, உரிய நேரத்தில் சேர்ப்பிப்பது மெசேஜ் புரோக்கரின் வேலை. ஜாவா உலகில் இதற்கு 1998 முதல் ஜேஎம்எஸ் என்ற பொதுவிதி இருக்கிறது. அதன்படி புரோக்கரோடு முதலில் ஓர் இணைப்பு ஏற்படுத்த வேண்டும். பிறகு அதற்குள் அமர்வுகளைத் திறக்க வேண்டும். இணைப்பைப் பல த்ரெட்கள், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் செயலோட்டங்கள், பகிர்ந்துகொள்ளலாம். ஓர் அமர்வை ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டுமே கையாளலாம். ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: பால் நிறுக்கும் கொட்டகை ஒன்று, உள்ளே தராசுகள் பல, ஒரு தராசில் ஒரு சமயம் ஒருவருடைய வாளி.

இணைப்பையும் அமர்வையும் மூடாமல் சேமித்து வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் சரியானதே. புதிய இணைப்பு என்றால் டிசிபி கைகுலுக்கல், குறியாக்கம், கடவுச்சொல் சரிபார்ப்பு எனப் பல முறை செய்தி போய்வர வேண்டும். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் ஜேஎம்எஸ் டெம்ப்ளேட் ஒவ்வொரு செய்திக்கும் இணைப்பு, அமர்வு, அனுப்புநர் மூன்றையும் திறந்து மூடும் இயல்புடையது. சேமிப்பு இல்லாவிட்டால் அனுப்பும் வேலையைவிடத் திறந்து மூடும் வேலையே மிகுந்துவிடும். சேமிப்பு புரோக்கருக்கும் பாதுகாப்பு: ஆக்டிவ்எம்கியூ 5 என்ற புரோக்கர் தன் மாதிரி அமைப்புக் கோப்பில் ஒரு நுழைவாயிலுக்கு 1000 இணைப்புகள் என்றே வரம்பு வைத்திருக்கிறது.

குறை, இயல்பாக வரும் எண்களில் இருக்கிறது. இணைப்புகளைச் சேமித்து வைக்கும் ஆக்டிவ்எம்கியூவின் இணைப்புக் குளத்தில் இயல்பாக ஓர் இணைப்பு; அதில் அதிகபட்சம் 500 அமர்வுகள். எல்லாம் பயன்பாட்டில் இருந்தால் அடுத்துக் கேட்பவர் காத்திருக்க வேண்டும்; அந்தக் காத்திருப்புக்குக் கால வரம்பே இல்லை. நிரலில் ஏதோ ஒரு பிழைப்பாதையில் அமர்வுகளை மூட மறந்திருந்தால், அவை ஒவ்வொன்றாகக் கசியும். 500 தீர்ந்த நாளில் மென்பொருள் விழாது, பதிவேட்டில் பிழையும் எழுதாது. அப்படியே உறைந்து நிற்கும். அப்போது 500-ஐ 2000 ஆக்குவது பலரும் செய்யும் பரிகாரம். அது கசிவை அடைக்காது, உறையும் நாளைத் தள்ளிப்போடும்.

இரண்டாவது குறை, சேமிப்பின் அளவையும் பயன்பாட்டின் வரம்பையும் ஒன்றாக எண்ணுவது. ஸ்பிரிங்கின் கேச்சிங் கனெக்‌ஷன் ஃபாக்டரியில் அமர்வுச் சேமிப்பின் இயல்பு அளவு 1. அது எத்தனை அமர்வு திறக்கலாம் என்பதற்கான தடை அல்ல, எத்தனையை வைத்துக்கொள்வது என்ற அளவு. பத்து த்ரெட்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் பத்தும் திறக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடும். சேமிப்பு இருக்கிறதென்று நம்பியிருப்போம், பலன் கிடைத்திருக்காது.

மூன்றாவது, பெறுநரைச் சேமிப்பது. ஆக்டிவ்எம்கியூ ஒவ்வொரு வரிசைப் பெறுநருக்கும் இயல்பாக 1000 செய்திகள்வரை முன்கூட்டியே அனுப்பிவைக்கும். யாரும் வாசிக்காத பெறுநர் சேமிப்பில் திறந்தே கிடந்தால், அந்தச் செய்திகள் அதனிடம் முடங்கும். பக்கத்துப் பெறுநர் வேலையின்றி இருக்கும். ஸ்பிரிங்கை எளிதாக அமைத்துத் தரும் ஸ்பிரிங் பூட், பெறுநர் சேமிப்பை இயல்பாகவே அணைத்து வைத்திருப்பது நல்ல முடிவு.

இந்த வகையில் 2005-இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் வழி பாராட்டத்தக்கது. அதன் ஒருங்கிணைப்பு மென்பொருளில் எதுவரை சேமிப்பது என்பதைத் தனி அமைப்பாகவே தரலாம்: ஒன்றும் வேண்டாம், இணைப்பு மட்டும், அமர்வு வரை, பெறுநர் வரை. முடிவெடுக்கும் பொறுப்பு அமைப்பவரின் கண்ணில் படுகிறது.

என் தீர்ப்பு இது: அனுப்புநரைச் சேமியுங்கள், பெறுநரைச் சேமிக்காதீர்கள். அமர்வு வரம்பை ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட்களின் எண்ணிக்கைக்குச் சற்று மேலே வையுங்கள். காத்திருப்புக்குச் சில விநாடிகள் என்று கெடு வைத்து, அது கடந்தால் பிழை வரச் செய்யுங்கள். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இந்தத் துறைக்கு வரும் நம் பிள்ளைகள், வரம்பு நிரம்பியதும் எண்ணை உயர்த்துவதற்கு முன் எந்த அமர்வு மூடப்படவில்லை என்று தேட வேண்டும்.