எட்டும் பதினாறும்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் லகவுலின் விஸ்கி இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: 8 ஆண்டு, 16 ஆண்டு. சில சொட்டுத் தண்ணீர் விட்டு, முதலில் முகருங்கள்.

எட்டில் புகை முகத்தில் அறைகிறது. முளைகட்டிய பார்லியை உலர்த்த எரித்த பீட் மண்ணின் புகை. பின்னாலேயே எலுமிச்சைத் தோலின் வாசம். 48 சதவீத ஆல்கஹால் நாக்கைச் சுடும். பதினாறில் அதே புகை அடங்கி, உலர் அத்தியின் இனிப்பும் ஓக் மரமும் மேலே வருகின்றன. அந்த அடக்கம் பீப்பாயில் காத்திருந்ததன் பலன்.

புட்டியிலுள்ள எண், கலந்தவற்றில் மிக இளைய சரக்கின் வயது. சட்டம் கேட்பது 3 ஆண்டுதான். மூத்ததெல்லாம் மேல் என்பதை ஒப்பமாட்டேன். மரம் மிஞ்சினால் கசக்கும். இந்த இரண்டில் என் ஓட்டு பதினாறுக்கே.