கீலும் குடுமியும்: கதவின் அசைவிடத்தை ஒளிப்படமாக்கல்

பழைய வீட்டுக் கதவுகளைக் காட்டும் ஒளிப்படங்கள் பெரும்பாலும் கதவைச் சாத்திவைத்து நேர்முகமாக எடுக்கப்படுபவை. நிலையின் செதுக்குவேலையும் பித்தளைக் குமிழும் நாதாங்கியும் அவற்றில் துலங்குகின்றன. கதவு எதனைப் பற்றித் திரும்புகிறது என்பது மட்டும் தெரிவதில்லை. இதனை அழகியல் குறையாக அன்றி ஆவணக் குறையாகக் கருதவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அன்றாடப் பொருளை ஒளிப்படத்திற்கு உரியதாக்கியவர்களுள் அமெரிக்கரான வாக்கர் எவான்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1955 சூலை ‘ஃபார்ச்சூன்’ இதழில் வந்த அவருடைய படவரிசை, சாதாரணக் கைக்கருவிகளை வெற்றுப் பின்புலத்தில் கை படாது நிறுத்திக் காட்டியது. குறடும் தகரம் வெட்டும் கத்தரியும் அவற்றுள் அடங்கும். இரண்டும் நடுவிலுள்ள ஆணியால் இயங்குபவை. எனினும் படங்களில் மேலோங்குவது புறவடிவமே. கருவிக்கு இம்முறை பொருந்தும். தனியே எடுத்துவைத்தாலும் குறடு குறடுதான். கீல் அவ்வாறன்று, கழற்றிய பின் அது இரு தகடுகளும் ஓர் ஊசியும் மட்டுமே. கீலைச் சூழலிலிருந்து பிரித்து அண்மைக்காட்சியாக அழகுபடுத்தும் படங்கள் துருவின் நிறத்தையே நமக்குத் தருகின்றன.

தமிழகப் பழங்கதவுகளில் சிக்கல் மேலும் கூடுகிறது. அவற்றுள் பலவற்றிற்கு இரும்புக் கீலே இல்லை. கதவுப் பலகையின் ஓரம் மேலும் கீழும் குடுமியாக நீண்டு, நிலையிலுள்ள குழிகளில் பொருந்திச் சுழலும். பாரம் முழுவதையும் தாங்குவது கீழ்க்குடுமி. கதவு திறந்திருப்பினும் சாத்தியிருப்பினும் அது கண்ணுக்குப் புலப்படாது. (மூட்டுநோயைக் கீல்வாதம் என்கிறோம், உடலிலும் கீல் வலித்தால்தான் தெரியவருகிறது.)

எனவே இங்கு ஒளிப்படம் தேடவேண்டியது உறுப்பை அன்று, அதன் தடயத்தை. தாழ்ந்துபோன கதவு தரையில் கீறிய வில்வடிவக் கோடு, குடுமி தேய்த்த குழியின் ஒருபக்கச் சரிவு ஆகியன ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக விழச்செய்தால் நன்கு பதியும். இரும்புக் கீலிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு: எத்தனை முறை வண்ணம் பூசினாலும் கணுக்கள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் பூச்சு நிலைப்பதில்லை. தகரப்பெட்டியிலும் வெற்றிலைப்பெட்டியிலும் இதனை எளிதில் காணலாம்.

வீடு இடிக்கப்பட்டுக் கதவு விற்பனைக்குச் செல்லும்போது முகப்பழகு கதவோடு போய்விடுகிறது. அதனைப் பின்னரும் படமெடுக்கலாம். தரைக்கோடு இடிபாட்டோடு அழிகிறது. ஆவணப்படுத்துவோரின் வரிசைமுறை இதற்கேற்ப மாறவேண்டும். சாத்திய கதவு, பாதி திறந்த கதவு, தரை, கதவைக் கழற்றியபின் குடுமியும் குழியும், அளவுகோலுடன். தச்சர் கதவைத் தூக்கும் சில நிமிடங்களே இறுதிப் படத்திற்குக் கிடைக்கும்.