இறுகிய ஸ்டட் இளகும் நேரம்

மழையில் நின்று துருவேறிய பழைய புல்லட் எஞ்சினில், அலுமினிய கிராங்கேஸுக்குள் இறுகிப்போன எஃகு ஸ்டட்டை முறியாமல் கழற்றுவதைவிட நுட்பமான வேலை குறைவு. பலம் இருந்தால் போதும் என்று தோன்றும். பலத்தால் முறிந்த ஸ்டட்டுகள்தான் அதிகம். தேர்ந்த மெக்கானிக் எண்ணெய் விட்டு ஊறவைக்கிறார், சுத்தியலால் லேசாகத் தட்டுகிறார், சுற்றியுள்ள அலுமினியத்துக்குச் சூடு காட்டுகிறார். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய 2 மடங்கு விரியும். மயிரிழை இடைவெளி கிடைக்கும். அப்போதும் உடனே கழற்றாமல், இறுக்கும் பக்கமே கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார். துரு விட்டால் ‘டக்’கென்று வறண்ட சத்தம். ரப்பர்போல இழுத்துக் கொடுத்தால் எஃகே முறுகுகிறது. அந்த வித்தியாசத்தை உணர்ந்து சட்டென நிறுத்தும் கை, அருமையான கை. பிறகு அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. மரையிலிருந்து செம்பழுப்பு எண்ணெய் கசிந்து வருவதைப் பார்ப்பதே சுகம்.

அறுத்துவிட்டுத் துளை போட்டால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். ஸ்டட் ஏற்கெனவே முறிந்திருந்தால் அதுதான் வழி. ஆனால் எஃகைவிட அலுமினியம் மிருது; டிரில் பிட் சறுக்கினால் அந்தப் பக்கம்தான் ஓடும், கிராங்கேஸின் மரை போய்விடும். கூலி ஏறுமே என்ற கவலையும் பெரிதல்ல. ஸ்டட் ஊறும் நேரத்தில் மெக்கானிக் வேறு வண்டியைப் பார்ப்பார். பழைய எஞ்சினைப் பிரிக்கக் கொடுப்பவர்களே, நாலு நாள் கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.