ஏழை என்று பெயர் வாங்குதல்

2022 அக்டோபரில் இலங்கை அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: உலக வங்கியிடம் சலுகைக் கடன் பெறும் நாடுகளின் பட்டியலில் தன்னைத் திரும்பவும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது. டிசம்பரில் வங்கி சம்மதித்தது. 2017இல்தான் இலங்கை அந்தப் பட்டியலைவிட்டு வெளியேறியிருந்தது. வெளியேறுவதற்கு வங்கி வைத்திருக்கும் சொல் 'பட்டம் பெறுதல்'. ஐந்தே வருஷத்தில் பட்டதாரியை மறுபடி வகுப்பில் உட்காரவைத்தார்கள். பொருளாதாரம் நிபுணர்கள் சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று இலக்கியக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வதால் இந்த மாதிரிச் சொற்கள் கேட்பாரில்லாமல் உலவுகின்றன. இவற்றையும் பிரதியாக வாசித்தாக வேண்டும்.

சலுகைக் கடன் தருவது உலக வங்கியின் ஒரு கையான ஐ.டி.ஏ., அதாவது சர்வதேச வளர்ச்சிச் சங்கம். 1960இல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஐம்பது வருஷத் தவணை. வட்டி இல்லை, முக்கால் சதவீதச் சேவைக் கட்டணம் மட்டும். உள்ளே நுழைய இரண்டு கேள்விகள். ஆள்வீத வருமானம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கிறதா? சந்தையில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் நாணயம் இல்லாதிருக்கிறதா? 2022-23க்கு எல்லை 1255 டாலர். இலங்கையின் வருமானம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் எல்லையைத் தாண்டியும் நாணயம் இழந்த நாடுகளுக்கு ஒரு புறவாசல் உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய இலங்கை அந்த வாசல் வழியாக உள்ளே போனது. ஆக, கதவைத் திறந்தது பசி அல்ல, கடன் கட்ட முடியாமை.

எல்லைக்கோடுதான் எங்கிருந்து வந்தது? ஆரம்பகால உச்சவரம்பு இன்னும் உயரத்தில் இருந்தது. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை என்று அதற்குக் கீழே 'நடைமுறை எல்லை' என்று இன்னொன்றைப் போட்டார்கள். வயிற்றை அளந்து போட்ட கோடு இல்லை இது, பெட்டியை அளந்து போட்டது. நுழைந்தபிறகு எவ்வளவு கிடைக்கும் என்பதற்குப் பரீட்சை வேறு: பதினாறு தலைப்புகள், ஒன்றிலிருந்து ஆறுவரை மார்க். போடுவது வங்கியின் அலுவலர்களே. கொடுப்பவரே வாத்தியார்.

இந்தக் கணக்கில் யார் தெரிவதில்லை? 2019 ஜூலையில் வங்கி தன் இன்னொரு பட்டியலில் இலங்கையை 'உயர் நடுத்தர வருமான நாடு' என்றது. மறுவருஷமே கீழிறக்கியது. அதே 2019இல் இலங்கை அரசின் குடும்ப வருமானக் கணக்கெடுப்புப்படி நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டங்களில் 33.8. லயத்தில் கிடக்கும் மலையகத் தமிழர்களில் மூன்றில் ஒருவர். சராசரி என்பது ஓர் அதிகாரச் சொல்லாடல். கொழும்பின் வருமானத்தையும் ஹட்டனின் கூலியையும் கூட்டி வகுத்து, ஹட்டனைக் காணாமல் செய்கிறது.

சலுகைக் கடனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2007இலிருந்து வெளியிட்ட சர்வதேசக் கடன்பத்திரங்களின் வட்டி என்ன செய்தது என்று பார்த்துவிட்டோம். அதற்கு இது எவ்வளவோ மேல். என் கேள்வி வேறு: ஏழை என்று பெயர் வாங்குவது யார், கட்டுவது யார்? விண்ணப்பத்தில் தோட்டத்துப் பெண்ணின் கையெழுத்து இல்லை. கடன் கட்டும் காசு மட்டும் அவள் கடையில் கொடுக்கும் வரியிலிருந்தும் வரவேண்டும். 2024 ஜனவரியில் அந்த வாட் வரி 18 சதவீதம்.

தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்றார் பெருஞ்சித்திரனார். அந்தப் புறநானூற்றுப் பாடலைப் புலவரின் தன்மானம் என்றே வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அது மட்டுமில்லை. காணாமல் கொடுப்பதும் ஓர் அவமதிப்பு என்ற அரசியலும் அதில் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் மறுக்க முடிந்தது. லயத்துப் பெண்ணுக்கு மறுக்கவும் வழியில்லை. பரிசில் அவள் பெயரைச் சொல்லித்தான் வாங்கப்படுகிறது, அவளைக் கேட்டு அல்ல.