காண்போர் சுவையும் காணும் முறையும்

தோற்றுவாய்

திரைப்படச் சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது பலரும் ஒப்பிய கருத்தாகும். ஒருவர்க்கு இனிப்பது மற்றொருவர்க்குக் கைக்கும். ஆதலின் அச்சுவை பற்றி வழக்கிடுதல் வீண் எனக் கூறி அமைவாரும் உளர். செய்யுளைப் பொறுத்தவரை நாம் இவ்வாறு கூறி அமைவதில்லை. ஒரு பாட்டு இனித்ததாயின் ஏன் இனித்தது என வினவுகின்றோம்; கைத்ததாயின் குற்றம் பாட்டின் கண்ணதா, படித்தார் கண்ணதா என ஆராய்கின்றோம். திரையின்முன் அமரும்போது மட்டும் அவ்வினாவை வாயிலில் விட்டுவிட்டுச் செல்கின்றோம். இக்கட்டுரை எம் சொந்தச் சுவையையே ஆய்வுப் பொருளாக வைத்து அவ்வினாவை எழுப்ப முயல்கின்றது.

இதற்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை மாணவி ஒருவர், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவலையும், அதனைத் தழுவி 1979-இல் மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ என்னும் படத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத விழைந்தார். அப்படத்தில் ஆராய்தற்குரிய சொல்வளம் இல்லை என்று கூறி யாம் அத்தலைப்பை மறுத்தோம். அவரும் வேறொரு தலைப்பில் எழுதிப் பட்டம் பெற்றுச் சென்றார். எம் தீர்ப்பு பிழையானது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அப்பிழை யாண்டுத் தோன்றியது என்பதனைக் காண்டலே ஈண்டு நோக்கமாகும்.

காண்போர்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாக மெய்ப்பாட்டியலை அமைத்தார். நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டு என்றும், ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு என்றும் வகுத்தார். உரை வகுத்த இளம்பூரணர் செயிற்றியம் என்னும் கூத்த நூலை மேற்கோள் காட்டுகின்றார். நடிப்போன்பால் தோன்றியது காண்போரைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது அம்மேற்கோளின் கருத்து. எனவே சுவை என்பது மேடையில் மட்டும் கிடப்பதன்று, காண்போரிடத்து நிறைவுறுவது. காண்போர் குறையுடையராயின் சென்று சேர்தல் நிகழாது.

இதற்கு அரண் செய்வது அவ்வியலின் இறுதி நூற்பா. கண்ணாலும் செவியாலும் உறுதிபட உணரவல்லார்க்கு அன்றி, மெய்ப்பாட்டின் நயம் பிறர்க்கு எளிதில் எட்டாது என்பது அந்நூற்பாவின் திரண்ட பொருள். இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். சுவைத்தல் பிறவியில் எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதன்று, பழகிப் பெறுவது என்பது ஒன்று. அப்பழக்கம் கண்ணுக்கும் வேண்டும், செவிக்கும் வேண்டும் என்பது மற்றொன்று. கண்ணை முன்வைத்து ஆசிரியர் கூறியதனையும் நோக்குக.

இளங்கோவடிகளும் இதற்குச் சான்றாவார். அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறியதோடு அவர் நிற்கவில்லை. தூணின் நிழல் அரங்கின்கண் வீழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதனையும் கூறுகின்றார். காண்போர் கண்ணுக்கு மறைப்பு நேரலாகாது என்று கருதிய நாகரிகம் நம்முடையது. அந்நாகரிகத்தின் வழிவந்த நம் கண் இன்று எவ்வாறுளது என்பதே வினா.

செவியாற் கண்ட படங்கள்

யாம் சிறு பருவத்தினராய் இருந்தபோது தெருவில் ஓரிரு வீடுகளிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கப்பெற்றது. எம் நினைவு 1980-களின் இறுதியிலிருந்து தொடங்குகின்றது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ காணத் தெருவே ஒரு கூடத்தில் திரளும். முன்னிருந்தோர் தலைகளுக்கு இடையே எமக்குப் புலப்பட்டது திரையின் ஒரு மூலையே. ஒளி குறைவு, ஒலி முழுமை. எம் திரைச் சுவை அவ்வாறே உருவாயிற்று.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் உரையாடல் நூலாக அச்சேறியும் இசைத்தட்டில் ஒலித்தும் பரவியது. வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்னும் பெயரால் முழுப்படத்தையும் ஒலியாகச் சுருக்கித் தந்தது. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தின் உரையாடலைக் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியே கேட்டு மனப்பாடம் செய்தார் பலர். அவருள் யாமும் ஒருவேம். தருமியின் புலம்பலையும் நக்கீரர் வழக்கையும் முழுவதும் ஒப்பிக்க வல்லேமாய் இருந்தபோதும், அப்படத்தை அதுகாறும் கண்ணாற் கண்டிலேம்.

தமிழ் பயின்ற பின்னர் இப்பழக்கம் கொள்கையாய் இறுகியது. உரையாடல் சிறந்த படம் சிறந்த படம். உரையாடல் குறைந்தது குறையுடைய படம். இவ்வளவுகோலையே யாம் திறனாய்வு எனக் கருதினோம். ‘உதிரிப்பூக்க’ளில் சொல்வளம் இல்லை என்ற எம் தீர்ப்பு இதன் விளைவே.

நெடுந்தொடர் பற்றி ஒரு சொல்

தொலைக்காட்சி நெடுந்தொடரைப் பழித்தல் கற்றார்க்கு எளிது. யாமும் பழித்தோம். ஆயினும் 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ ஒளிபரப்பான காலத்தில், ஆய்வு மாணவராய் இருந்த யாம் ஐந்து பெண்மக்களைப் பெற்ற அத்தந்தையின் துயரை நாள்தோறும் அறிந்தே இருந்தோம். திரையின்முன் அமர்ந்தோமல்லேம்; அடுத்த அறையில் நூலை விரித்து வைத்திருந்தோம். எம் அன்னையாரும் அடுக்களையில் இருந்தவாறே கதையைத் தொடர்ந்தார்.

கூறியது கூறல் நெடுந்தொடரின் குற்றம் என்பர். அற்றன்று. வேலைக்கிடையே செவியால் மட்டும் பின்பற்றுவார்க்கென அமைந்த வடிவம் அது. ஒரு செய்தியை மும்முறை கூறினால்தான் அடுப்பங்கரைக்கு ஒருமுறையேனும் எட்டும். இரவு பல நீளும் பாரதக் கூத்திலும் புராண விரிவுரையிலும் இவ்வியல்பு உண்டு. ஆண்டுப் பொறுப்பதனை ஈண்டுப் பொறாமைக்குக் காரணம் சுவையன்று. தகுதி பற்றிய எண்ணமே என்க.

ஒரு சிறு சோதனை

எம் தீர்ப்பில் ஐயம் தோன்றிய பின்னர் எளிய முறையொன்றை மேற்கொண்டோம். ஒரு படத்தின் தேர்ந்த பகுதிகளை ஒருகால் கண்ணை மூடிக் கேட்பது. ஒருகால் ஒலியை அடக்கிப் பார்ப்பது. பின்னர் இரண்டும் கூட்டிக் காண்பது. முதற்கண் ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி பகுதியை எடுத்துக்கொண்டோம். கண்ணை மூடிக் கேட்டபோது யாதும் குறைந்ததாகத் தோன்றவில்லை. ஒலியை அடக்கினால் ஒன்றும் எஞ்சாது என்றே எண்ணினோம். எம் எண்ணம் பொய்த்தது. நாகேசின் உடல் முழுவதும் பேசிற்று. ஒடுங்கிய தோளும், நிலைகொள்ளாக் காலும், தனக்குத்தானே வாதிடும் கையும் வறுமையின் இழிவைக் காட்டின. செவியால் கேட்டபோது நகையாய் இருந்தது, கண்ணால் கண்டபோது இளிவரலாயிற்று. இரண்டும் கூடியபோதுதான் அப்பகுதி ஏன் அறுபது ஆண்டுகளாக நிலைத்தது என்பது விளங்கியது. சிரிக்கும்போதே நெஞ்சின் ஓரம் நோவது அதனால்தான். ஆயிரம் முறை கேட்ட பகுதியின் பாதியை யாம் அன்றே முதன்முறையாகப் பெற்றோம்.

பின்னர் ‘உதிரிப்பூக்க’ளை எடுத்தோம். யாம் முதலில் இப்படத்தைக் கண்டது பேருந்துப் பயணத்தில், கைப்பேசியின் சிறு திரையில், மூன்று தவணைகளில். யாரும் பேசாத இடங்களைப் பத்துப்பத்து நொடியாகத் தள்ளிக்கொண்டே சென்றோம். இம்முறை துறையின் கருத்தரங்க அறையை இருளாக்கி, மாணவர் சிலருடன் அமர்ந்து இடையறாது கண்டோம். தள்ளிச் சென்ற இடங்களிலேதான் படம் இருந்தது.

இலக்குமி என்னும் அம்மனைவி தன் துயரை விரித்துரைப்பவள் அல்லள். அவள் அழுகை இழவால் வந்ததன்று, இகழப்பட்டதால் வந்தது. தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நிலைக்களன்களுள் முதலாவது இளிவு. பிறரால் எளிமைப்படுத்தப்பட்டார் வாய்விட்டு அழார், அடங்கியே அழுவர். அவ்வடக்கத்தைச் சொல்லாற் காட்ட முனைந்திருப்பின் அது கெட்டிருக்கும். அசோக்குமாரின் ஒளிப்பதிவு அதனை முகத்திலும் வீட்டின் வெறுமையிலும் காட்டுகின்றது. தாயின் இறப்பிற்குப் பின் பிள்ளைகளின் துயரோ இழவால் வருவது. ஒரு படத்துள் அழுகையின் இருவேறு நிலைக்களன்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

இறுதியில் ஊரார் ஆற்றங்கரையில் திரண்டு நிற்கக் கொடியவனாகிய சுந்தரவடிவேலு நீரில் இறங்குகின்றான். தன் தீமைகளுள் பெரியது ஊராரையும் தன்னைப்போல் ஆக்கியதே என்னும் பொருள்படச் சில சொற்களே அவன் கூறுகின்றான். காண்போர் உள்ளத்தில் வெகுளி தணிந்து உவகை பிறக்கவேண்டிய இடம் அது. அவ்வுவகை பிறவாதவாறு கரையில் அவன் மக்கள் இருவரும் நிற்கின்றனர். ஒறுத்தவர் மகிழவும் இயலவில்லை. ஒறுக்கப்பட்டவனுக்கு இரங்கவும் இயலவில்லை. இந்நிலையைச் சொல்லன்று, கரையில் நிற்கும் பிள்ளைகளின் உருவமே ஆக்குகின்றது. சொல்வளம் இல்லை என்று யாம் குறையாகக் கூறியது அப்படத்தின் கொள்கை. மூலக் கதையினின்று பெரிதும் வேறுபட்ட போதிலும், தாயற்ற பிள்ளைகள்மீது புதுமைப்பித்தன் கொண்ட கவலையை அது கண்வழியே நமக்குத் தருகின்றது. அம்மாணவி கூற விழைந்தது இதுவாகவே இருத்தல் வேண்டும். அவர் கண்டிருந்தார், யாம் கேட்டிருந்தோம்.

தடையும் விடையும்

செவிச்சுவை தமிழர்க்கே உரியது, அதனைத் தாழ்த்துதல் முறையோ எனின், தாழ்த்துதல் எம் கருத்தன்று. ‘பராசக்தி’யின் வழக்குமன்றக் காட்சி செவிக்கு விருந்தே. எனினும் அங்கும் சிவாசியின் முகத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது நல்ல சொற்பொழிவு மட்டுமே. முத்தமிழுள் நாடகத்தைத் தனியே வைத்த முன்னோர், அஃது இயலும் இசையும் மட்டும் ஆகாது என்பதை அறிந்தே வைத்தனர். மேலும், 1954-இலேயே சு. பாலச்சந்தர் பாடலின்றி ‘அந்த நாள்’ என்னும் படத்தை இயக்கினார். ஒரு கொலையைப் பலர் வாயிலாகப் பலவாறு காட்டி, எது மெய் என்று காண்போரையே நிறுக்க வைத்த படம் அது. கற்றோர் புகழ்ந்தனர், வருவாய் பெருகவில்லை. கண்ணுக்கு விடுத்த அழைப்பு நமக்குப் புதிதன்று. ஏற்றுக்கொண்டார் சிலர் என்பதே உண்மை.

இனி, திரையரங்கில் கூட்டத்தோடு காண்பதே உயர்ந்தது, தனித்துக் காண்பது தாழ்ந்தது என்றும் யாம் கூறவில்லை. கூட்டத்திற்கும் குறையுண்டு. சீழ்க்கை ஒலியில் சொல் மறையும்; தலைவன் தோற்றத்தை எதிர்நோக்குவார்க்கு ஏனையோர் நடிப்புப் புலப்படாது. தெருவார் கூடிய கூடத்திலோ அழுதற்கு நாணம் தடையாகும். கைப்பேசித் திரையில் நாணமும் இல்லை, ஆரவாரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றனைத் தந்து ஒன்றனைக் கவர்கின்றது. எம்முறையிற் கண்டோம் என்பதனை மறந்து தீர்ப்புக் கூறுதலே குற்றம்.

முடிபு

ஒரு பாட்டை மதிப்பிடுங்கால் எப்பதிப்பைக் கொண்டோம், எவ்வுரையைத் தழுவினோம் என்று கூறுதல் ஆராய்ச்சி மரபு. சிதைந்த ஏட்டை வைத்துக்கொண்டு புலவனைக் குறை கூறுவாரை நாம் ஏற்பதில்லை. மூன்று துண்டாய்க் கண்ட படமும் சிதைந்த ஏடே. ஆதலின் திரைப்படம் பற்றிய ஆய்வேட்டிலும் எங்கு, எத்திரையில், எத்துணை முறை, இடையறாதா இடையிட்டா கண்டோம் என்பதனை ஆய்வாளர் கூறுதல் வேண்டும். ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியர்க்கும் இவ்விதி பொருந்தும்.

சுவை வேறுபடுமேனும் அதனை ஆராய இயலும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஆராய்ச்சியின் முடிவன்று, தொடக்கம். ‘சிற்றன்னை – உதிரிப்பூக்கள்’ என்னும் தலைப்பை இவ்வாண்டு மற்றொரு மாணவர் கொணர்ந்தார். ஒருமுறை ஒலியடக்கியும் ஒருமுறை கண்மூடியும் காணுமாறு மட்டும் கூறி இசைந்தோம். முன்னர் மறுக்கப்பட்ட மாணவிக்கும் எம் பிழையை ஒப்பி மடல் எழுதினோம். அவர் இழந்த தலைப்பை அம்மடல் மீட்டுத் தாராது. எனினும் கற்பிப்போரும் கற்றற்குரியர் என்பதனை அஃது எமக்கேனும் நினைவூட்டும்.