கடற்பஞ்சு வகைப்பாட்டில் நுண்முள்

கடற்பஞ்சுகளை அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்முட்களைக் கொண்டு இனம் பிரிப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்ட வழக்கம். சிலிக்காவாலோ கால்சியம் கார்பனேட்டாலோ ஆன இந்த முட்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இருந்தும், இன்று ஏற்கப்பட்டுள்ள 9,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களில் பெரும்பாலானவை இவற்றின் வடிவத்தையும் அளவையும் வைத்தே பெயர் பெற்றன. மரபணு ஆய்வு வந்த பிறகு இந்த வழக்கம் சில இடங்களில் ஆட்டம் கண்டது. சில இடங்களில் எதிர்பார்த்ததைவிட உறுதியாக நின்றது.

முள்ளைத் தேடிப் போகக் காரணம், கடற்பஞ்சின் உடலில் வேறு பிடிமானம் குறைவு என்பதே. வாய், குடல், நரம்பு, இதயம் எதுவும் அதற்கு இல்லை. மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் உள்ளே புகுகிறது; கழுத்துப்பட்டை செல்கள் தம் கசையிழைகளை அசைத்து நீரை ஓட்டி, அதிலுள்ள பாக்டீரியாவையும் நுண்துகள்களையும் பிடித்துக்கொள்கின்றன; எஞ்சிய நீர் பெரிய வாயில் வழியே வெளியேறுகிறது. இந்த நீரோட்டத்தை எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராண்ட் 1820களில் நுண்ணோக்கியின்கீழ் கண்டு தெளிவுபடுத்தினார். துளைகளை முன்னிறுத்தித் தொகுதிக்குப் பெயரிட்டவரும் அவரே. அதற்கு முன் நிலைமை குழப்பமானது. கடற்பஞ்சைப் பாறையிலிருந்து பிடுங்க முயன்றால் அது சுருங்குகிறது என்ற செய்தியை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் லின்னேயஸ், குளியல் பஞ்சுக்குப் பெயர் சூட்டியபோது அதைத் தம் நூலின் தாவரப் பகுதியில்தான் வைத்தார்.

வெளித்தோற்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வட அட்லாண்டிக் கரைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹாலிகோண்ட்ரியா பானிசியா சான்று. அலையடிக்கும் பாறையில் அது மெல்லிய படலமாகப் படர்கிறது. அமைதியான நீரில் தடித்துக் கிளைவிடுகிறது. வெளிச்சத்தில் பச்சையாகவும் இருளில் வெளிர் மஞ்சளாகவும் இருக்கிறது. இந்த ஒரே உயிரிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, சாராயத்தில் போட்ட மாதிரி சில நாட்களில் நிறம் இழந்துவிடும். அருங்காட்சியகப் புட்டியில் பழுப்புக் கட்டியாகக் கிடப்பதை வைத்து உயிருள்ள கடற்பஞ்சின் தோற்றத்தைச் சொல்ல முடியாது.

முள்ளோ புட்டியிலும் மாறுவதில்லை. அதைப் பிரித்தெடுக்கும் முறையும் எளிது. அரிசி மணியளவு துண்டை வெட்டி, சோதனைக் குழாயில் நைட்ரிக் அமிலம் விட்டுச் சூடாக்க வேண்டும். சதை கரைந்து புகையடங்கியதும் அடியில் வெண்படிவு தங்கும். அதைத் தண்ணீரில் பலமுறை அலசி, பிறகு சாராயத்தில் அலசி, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டால் வேலை முடிந்தது. நுண்ணோக்கியில் ஊசி, குண்டூசி, மூன்று கிளை விட்ட கம்பு, விண்மீன், சி எழுத்தைப் போல் வளைந்த கொக்கி என்று பல உருவங்கள் தெரியும். ஒவ்வொரு வகையிலும் இருபது முப்பதை அளந்து நீள அகலங்களைக் குறிக்கிறார்கள். கால்சியம் முள் உள்ளவற்றுக்கு அமிலம் ஆகாது, முள்ளும் சேர்ந்து கரைந்துபோகும். அவற்றுக்குச் சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் கரைசலே போதும். ஆனால் இந்த முறை முட்களின் உருவத்தைக் காட்டுமே தவிர, அவை உடலில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் காட்டாது. உடலைத் தாங்கும் சாரத்தில் எந்த முள் கற்றையாக நிற்கிறது, எது தோலில் பரவியிருக்கிறது என்று அறியத் தனியே குறுக்குவெட்டுச் சீவல் எடுக்க வேண்டும். சீவல் இல்லாமல், வெறும் முள் பட்டியலோடு வெளிவந்த பழைய விவரணைகள் இன்று பெருந்தொல்லை.

முள்ளின் வேதிப்பொருளும் அச்சும் தொகுதியின் மேல்மட்டப் பிரிவுகளைக் கிட்டத்தட்டப் பிசகின்றித் தருகின்றன. கால்சியம் முள் உடையவை சுண்ணாம்புக் கடற்பஞ்சுகள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் ஆறு கதிர் நீட்டும் சிலிக்கா முள் உடையவை கண்ணாடிக் கடற்பஞ்சுகள். ஆழ்கடலில் வாழும் இவற்றில் மோனோராஃபிஸ் சூனி என்பது ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள ஒற்றை முள்ளை வளர்த்துச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. மற்ற சிலிக்கா முள் உடையவை எல்லாம், முள்ளே இன்றி ஸ்பாஞ்சின் நாரால் ஆன குளியல் பஞ்சுகளோடு சேர்த்து டெமோஸ்பாஞ்சுகள் எனப்பட்டன. சிற்றினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த வகுப்பில்தான். சிக்கலும் இங்கேதான்.

இந்த வகுப்பில் முட்கள் இரு தரமானவை. உடலைத் தாங்கும் பெருமுட்கள் ஊசி, குண்டூசி போன்ற எளிய வடிவம் கொண்டவை. சதையில் சிதறிக் கிடக்கும் சிறுமுட்களில் பல நுணுக்கமான வேலைப்பாடு உடையவை. இவற்றுள் கீலா எனப்படுவது வளைந்த தண்டின் இரு முனைகளிலும் பற்கள் விரிந்த, நங்கூரத்தை ஒத்த முள். நீளம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பீசிலோஸ்கிளெரிடா என்ற வரிசையைத் தவிர வேறெங்கும் இது இல்லை. இதன் பெறுமதி 1995இல் தெரிந்தது. மத்தியதரைக் கடலின் குகை ஒன்றில் ழான் வாசலேயும் நிக்கோல் பூரி-எஸ்னோவும் ஆராய்ந்த சிறிய கடற்பஞ்சு ஒன்றுக்கு நீர்த்துளைகளே இல்லை, கழுத்துப்பட்டை செல்களும் இல்லை. நீண்ட இழைகளில் பதிந்த கொக்கி முட்களால் சின்னஞ்சிறு இறால் போன்ற உயிரிகளைப் பிடித்துச் செரித்தது. தொகுதியின் இலக்கணமே பொருந்தாத இந்த ஊனுண்ணியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதன் கீலா முட்களே விடை தந்தன. பிற்பாடு மரபணுவும் அதையே உறுதி செய்தது. உடலின் உள்ளமைப்பு முழுதும் மாறிப்போன பிறகும் இரு பக்கமும் பல் வைத்த முள் மாறவில்லை.

பெருமுட்களிடம் இந்த நம்பகம் இல்லை. இரு முனையும் கூரான எளிய ஊசி பல கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது, அல்லது சிக்கலான முள்ளை இழந்தபின் எஞ்சியிருக்கிறது. அதை மட்டுமே அடையாளமாகக் கொண்டு நன்னீர்க் கடற்பஞ்சுகளைக் கடலில் வாழும் ஹாலிகுளோனாவோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு இரண்டையும் பிரித்துவிட்டது. ஹாலிகுளோனாவும் தப்பவில்லை: நானூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அடைக்கப்பட்ட அந்தப் பேரினம் ஒரே மூதாதையின் வழிவந்ததல்ல. வேறெங்கும் பொருந்தாத எளிய ஊசிக்காரர்கள் எல்லாம் ஒதுங்கிய சத்திரம் அது.

விண்மீன் முள் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. காண்ட்ரில்லா என்ற கடற்பஞ்சின் உடலில் அழகான கோள விண்மீன்கள் நிறைந்திருக்கின்றன. அதனால் விண்மீன் முள் உடைய பிறவற்றோடு அது நெடுங்காலம் சேர்த்து எண்ணப்பட்டது. ஹாலிசார்காவுக்கோ முள்ளும் இல்லை, நாரால் ஆன சாரமும் இல்லை. இரண்டும் நெருங்கிய உறவினர் என்கிறது மரபணு. ஆகவே வேலைப்பாடு மிகுந்த முள் எப்போதும் உண்மையே சொல்லும் என்று விதி எழுதிவிடவும் முடியாது. ஒரு வரிசைக்கு மட்டும் உரிய முள்ளுக்கும், பல வரிசைகளில் தலைகாட்டும் முள்ளுக்கும் ஒரே எடை கொடுத்ததுதான் பழைய முறையின் அடிப்படைப் பிழை.

இன்னொரு பிழை, முள் இல்லாமையை அடையாளமாகக் கொண்டது. முள் உருவாகக் கடல்நீரில் கரைந்த சிலிக்கா வேண்டும். மனுவேல் மால்டொனாடோவும் குழுவினரும் மத்தியதரைக் கடலின் க்ராம்பே க்ராம்பே என்ற கடற்பஞ்சை வெவ்வேறு சிலிக்கா அளவுகளில் வளர்த்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலிக்கா குறைந்த இயல்பான நீரில் வளர்ந்தவற்றில் இல்லாத முள் வகைகள், சிலிக்கா மிகுந்த நீரில் வளர்ந்தவற்றில் இருந்தன. ஒரே இனம், இரண்டு முள் பட்டியல். பழைய முறைப்படி பார்த்தால் இரண்டு சிற்றினங்களாகவே பதிவாகியிருக்கும். இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. டிசிடியா போன்றவை மணலையும் பிற கடற்பஞ்சுகள் விட்டுச்சென்ற முட்களையும் தம் நார்களுக்குள் இழுத்துக்கொள்கின்றன. அமிலத்தில் வேகவைத்த படிவில் எது சொந்த முள், எது இரவல் என்று பிரித்தறிவது கைப்பழக்கம் இல்லாதவர்க்குக் கடினம்.

முள்ளைப் புறந்தள்ளி வேறு பண்புகளைப் பிடித்தவர்களும் உண்டு. அவர்களுடைய கதி மேலானதாக இல்லை. 1950களில் குளோட் லெவி, முட்டையிடுபவை, உடலுக்குள்ளேயே இளவுயிரியை வளர்ப்பவை என்று இனப்பெருக்க முறையை முன்னிறுத்தி டெமோஸ்பாஞ்சுகளை இரு துணைவகுப்புகளாக்கினார். அரை நூற்றாண்டு பாடநூல்களில் நிலைத்த அந்தப் பிரிவு இன்று கைவிடப்பட்டுவிட்டது. 1970இல் ஹார்ட்மனும் கோரோவும், பவளம்போல் கெட்டியான சுண்ணாம்பு அடித்தளம் கட்டும் ஜமைக்கக் கடற்பஞ்சுகளை ஆராய்ந்து அவற்றுக்கெனத் தனி வகுப்பையே முன்மொழிந்தார்கள். அந்த அடித்தளம் பல கிளைகளில் தனித்தனியே உருவானது என்று வாசலே 1985இல் காட்டியதும் வகுப்பு கலைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது: அவற்றில் சிலவற்றின் முட்களில், அடுக்கடுக்கான வளையங்களாகச் சிறுமுனைகள் இருந்தன; சாதாரண அகெலாஸ் கடற்பஞ்சின் முள்ளும் அதே அமைப்புதான். கண்ணைப் பறித்த சுண்ணாம்புத் திரளுக்கு முன்னுரிமை தராமல் முள்ளின் சொல்லைக் கேட்டிருந்தால் அந்த வகுப்பே பிறந்திருக்காது.

2002இல் ஜான் ஹூப்பரும் ராப் வான் சூஸ்ட்டும் தொகுத்த சிஸ்டெமா போரிஃபெரா, முள்ளையும் சாரத்தையும் வைத்து நடந்த இரு நூற்றாண்டு உழைப்பின் கணக்குப் புத்தகம். பேரினங்களின் மூல மாதிரிகளை மீண்டும் பார்த்து, குவிந்து கிடந்த மிகைப் பெயர்களைக் களைந்தது அதன் நிலையான பயன். அதன் வரிசை அமைப்பு அவ்வளவு காலம் தாங்கவில்லை. ஹோமோஸ்கிளெரோமார்ஃபா என்ற குழு டெமோஸ்பாஞ்சுகளிலிருந்து விலகி 2012இல் நான்காவது வகுப்பானது. சிலிக்கா முள் ஒத்திருந்தும், அவற்றின் உறவு சுண்ணாம்புக் கடற்பஞ்சுகளின் பக்கம் சாய்கிறது. 2015இல் கிறிஸ்டின் மாரோவும் பாக்கோ கார்டெனாசும் டெமோஸ்பாஞ்சுகளை மூன்று துணைவகுப்புகளாகவும் 22 வரிசைகளாகவும் மாற்றியமைத்தார்கள். பெரிய மாற்றங்கள் மரபணுவிலிருந்து வந்தாலும், ஒவ்வொரு வரிசைக்கும் அவர்கள் தந்த இலக்கணத்தில் முட்களே மீண்டும் இடம்பிடித்தன.

மரபணு முறைக்கும் தனித்தொல்லைகள் உண்டு. சில கடற்பஞ்சுகளின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பாக்டீரியாவாகவே இருக்கிறது. துளைகளுக்குள் புழுவும் நண்டும் குடியிருக்கின்றன. பிரித்தெடுத்த டிஎன்ஏ யாருடையது என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும். மற்ற விலங்குகளில் சிற்றினம் பிரிக்கப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டு கடற்பஞ்சுகளில் மிக மெதுவாக மாறுவதால், நெருங்கிய இனங்களிடையே பல நேரம் வேறுபாட்டையே காட்டுவதில்லை.

பெயரின் நிச்சயமின்மை ஆய்வகத்தோடு நிற்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டிய கரீபியக் கடற்பஞ்சு, மருந்தியல் எழுத்துகளில் கிரிப்டோடெதியா, டெதியா, டெக்டிடெதியா என மூன்று பேரினப் பெயர்களில் வருகிறது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டவை சுண்ணாம்புக் கடற்பஞ்சுகள். டெமோஸ்பாஞ்சுகளுக்கு அப்போது அந்தக் காப்பு தரப்படவில்லை. ஒரு மாதிரி சட்டத்துக்குள் வருமா என்பதை அதன் முள் அமிலத்தில் கரைகிறதா என்பதே தீர்மானித்தது.

மன்னார் வளைகுடாவில் முள்முறை இன்றும் தவிர்க்க முடியாததாக இருக்கிறது. முத்துச்சிப்பியையும் சங்கையும் குடையும் கிளையோனா, ஓட்டுக்குள் ஒளிந்து வாழ்வதால் வெளியே துளைகள் மட்டுமே தெரியும். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பி. ஏ. தாமஸ் அவற்றைப் பிரித்தறிந்தது முட்களைக் கொண்டே. இந்தக் கடலின் கடற்பஞ்சுகள் பலவற்றுக்கு முதல் பெயர், எட்கர் தர்ஸ்டன் அனுப்பிய மாதிரிகளை வைத்து ஆர்தர் டெண்டி 1887இலும் 1889இலும் எழுதிய அறிக்கைகளிலும், ஹெர்ட்மன் இலங்கை முத்துக்குளிப்புப் பார்களில் சேகரித்தவற்றை ஆராய்ந்து டெண்டியே 1905இல் வெளியிட்ட பெரிய அறிக்கையிலும் இருக்கிறது. நூறாண்டைக் கடந்த மாதிரிகளிலிருந்து பயன்படும் டிஎன்ஏ கிடைப்பது அரிது. அதே வளைகுடாவில் புதிதாக எடுக்கப்படும் கடற்பஞ்சின் மரபணு வரிசை முழுமையாகக் கையில் இருந்தாலும், அது டெண்டி பெயரிட்ட இனம்தானா என்று சொல்ல வேண்டுமானால் இரண்டின் முட்களையும் அருகருகே வைத்து அளந்தாக வேண்டும்.