ஓராண்டு கழித்துச் சொல்லுங்கள்

2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 சந்தைக்கு வந்தபோது, தொழில்முறை விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் அதைப் பாராட்டினார்கள். வளைந்த திரை, நல்ல கேமரா, தண்ணீரைத் தாங்கும் உடல், கூடவே ஒரு எழுதுகோல் எனப் பாராட்ட நிறைய இருந்தது. சில நாட்களிலேயே கருகிய போன்களின் படங்கள் இணையத்தில் வரத் தொடங்கின. அவற்றை வெளியிட்டவர்கள் காசு கொடுத்து வாங்கிய சாதாரண ஆட்கள். செப்டம்பர் 2 அன்று சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றிக் கொடுத்த போன்களிலும் சில தீப்பிடித்தன. அக்டோபர் 11 அன்று அந்த மாடலையே கைவிட்டார்கள். விமர்சகர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்த சில நாட்களில் அந்தப் போன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

வாங்கியவர்களின் கருத்து ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே கருத்து எப்போது கேட்கப்படுகிறது, எந்த வடிவத்தில் வாங்கப்படுகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. இயர்பட்ஸ், பவர் பேங்க், வைஃபை ரவுட்டர், கட்டணச் செயலி என எதை வாங்கப் போனாலும் முதலில் கண் போவது 4.2 அல்லது 3.9 என்ற எண்ணுக்குத்தான். அதற்குப் பிறகுதான் விலை. நேரமிருந்தால் கீழே இறங்கி நாலைந்து பேர் எழுதியதைப் படிக்கிறோம். கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் இந்தப் பழக்கத்தின் மேல் நடக்கிறது. ஆகவே இதைத் தீர விசாரிக்க வேண்டும்.

வாங்கியவர் குறை சொல்வதைக் கடைக்காரரே தன் கடை வாசலில் எழுதி மாட்டுவது என்பது 1995இல் புதிய துணிச்சல். அமேசான் அந்த ஆண்டு புத்தகக் கடையாகத் தொடங்கியபோது வாசகர் கருத்துகளை, மோசமானவற்றையும் சேர்த்து, வெளியிட்டது. பதிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவுவதில்தான் கடையின் லாபம் இருக்கிறது என்பது அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் வாதம். அந்த வாதம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். விளம்பரமும் விற்பனையாளர் பேச்சும் மட்டுமே இருந்த இடத்தில், வாங்கி அனுபவித்தவர் பேச ஓரிடம் கிடைத்தது. அது சாதாரண மாற்றமில்லை.

பயனர் கருத்தின் பெரிய பலம், எந்தச் சோதனைக்கூடமும் செய்யாத சோதனைகளை அது செய்துவிடுவதுதான். ஹெல்மெட் போட்டால் இந்த இயர்பட்ஸ் காதிலிருந்து நழுவுகிறது என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ இரண்டு நிமிடம் ஆகிறது என்கிறார். மே மாத வெயிலில் வண்டியில் மாட்டி மேப் போட்டால் போன் சூடாகி வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று ஒருவர் எச்சரிக்கிறார். மலிவான ஸ்மார்ட் வாட்ச் ஒன்றில் தமிழில் வரும் செய்தி கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பதை அமெரிக்காவிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து ஆங்கிலத்தில் சோதிப்பவர் கண்டுபிடிக்கவே வழியில்லை. அப்பா அம்மா தமிழில் வாட்ஸ்அப் படிப்பதற்காக அந்த வாட்சை வாங்க நினைப்பவருக்கு, மற்ற ஐந்நூறு பாராட்டுகளைவிட அந்த ஒரு வரி மேலானது.

அடுத்த பலம் காலம். 2017 டிசம்பரில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், பேட்டரியை மாற்றியதும் போனின் வேகம் கூடிவிட்டது என்று இணையத்தில் எழுதினார். கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், பலரது போன்களின் சோதனை எண்களை அடுக்கிப் பார்த்து அதை உறுதிசெய்தார். தேய்ந்த பேட்டரியோடு போன் திடீரென அணைந்துவிடாமலிருக்க, மென்பொருள் வழியாகத் தானே வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே மாதம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020இல் அமெரிக்க மாநிலங்களுடன் 11.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, பழைய போனை வைத்திருந்த ஒருவரின் அன்றாடக் கவனிப்பு. புதுப் போனை மட்டுமே கையிலெடுக்கும் விமர்சகர் எவருக்கும் அது கிடைத்திருக்காது.

சோனோஸ் ஸ்பீக்கர்களின் கதையும் இப்படித்தான். 2024 மே மாதம் அந்த நிறுவனம் தன் செயலியை முழுதாக மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற பழைய வசதிகள் காணாமல் போயின. பல ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் ஒரே இரவில் தரம் இறங்கியது. வாங்கியவர்கள் விடாமல் எழுதினார்கள். ஜூலையில் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவி விலகினார். பெட்டிக்குள் வரும் பொருள் மென்பொருளால் இயங்கும் காலத்தில், வாங்கிய அன்றைய தரம் நிரந்தரமில்லை. அதைக் கண்காணிக்க வாங்கியவர்களை விட்டால் ஆளில்லை.

இவ்வளவு பலமுள்ள ஒன்றை நம் விற்பனைத் தளங்கள் எப்படிச் சேகரிக்கின்றன என்று பார்க்கும்போதுதான் மனம் கொதிக்கிறது.

பார்சல் வந்து ஓரிரு வாரத்துக்குள், பல நேரங்களில் ஓரிரு நாளுக்குள், ‘எப்படி இருக்கிறது, மதிப்பிடுங்கள்’ என்று கேட்டுவிடுகிறார்கள். அப்போது வாங்கியவருக்குத் தெரிந்தது என்ன? பெட்டி நசுங்காமல் வந்ததா, சொன்ன தேதியில் வந்ததா, நிறம் படத்தில் இருந்ததுபோல் இருக்கிறதா, இவ்வளவுதான். அதனால்தான் எந்தப் பொருளின் கீழே பார்த்தாலும் ‘பேக்கிங் சூப்பர்’, ‘டெலிவரி பாய் நல்லவர்’, ‘இப்போதுதான் வாங்கினேன், போகப் போகத்தான் தெரியும்’ என்ற வரிகள் குவிந்து கிடக்கின்றன. கடைசி வரியை எழுதியவர் நேர்மையானவர். ஆனால் அவரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போகிறார். போகப் போகத் தெரிந்ததை அவரிடம் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

பேட்டரி தேய ஓராண்டுக்கு மேலாகும். சார்ஜ் போடும் துளை தளர்வது, இயர்பட்ஸின் ஒரு பக்கம் ஒலி குறைவது, திரையில் கோடு விழுவது எல்லாமே காலம் காட்டும் குறைகள். சில பழைய ஒன்பிளஸ் மாடல்களின் திரையில் பச்சைக் கோடு விழுந்த சிக்கல் இந்தியாவில் பலரும் அறிந்தது. வாங்கியவர்களின் தொடர் புகாருக்குப் பிறகு, குறிப்பிட்ட மாடல்களுக்குத் திரையை இலவசமாக மாற்றித் தர அந்த நிறுவனம் முன்வந்தது. அந்தப் போன்கள் புதிதாக விற்பனையில் இருந்த நாட்களில் எழுதப்பட்ட மதிப்புரைகளில் பச்சைக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. விற்பனையில் இருக்கும் காலத்தில் குறை தெரியாது. குறை தெரியும் காலத்தில் அந்த மாடல் விற்பனையில் இருக்காது.

இந்த விஷயத்தில் பழைய முறைக்கு ஒரு மேன்மை இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ கோவையிலோ ஒரு சர்வீஸ் கடைக்காரரிடம் கேட்டால், எந்த மாடலின் சார்ஜிங் போர்டு அடிக்கடி போகிறது, எதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று சட்டெனச் சொல்வார். பழுதான பொருளெல்லாம் அவர் மேசைக்கு வருகிறது. அவர் அறிவு முழுவதும் ஓராண்டு, ஈராண்டு தாண்டிய பொருள்களைப் பற்றியது. அவரை எந்த விற்பனைத் தளமும் கருத்துக் கேட்பதில்லை. அவரிடம் கேட்டுவிட்டு வாங்கும் வழக்கத்தை நாமும் விட்டுவிட்டோம்.

அடுத்தது அந்த எண். மிகவும் பிடித்தவரும் மிகவும் வெறுத்தவரும்தான் பெரும்பாலும் எழுதுவார்கள்; நடுவில் இருப்பவர் எழுத மெனக்கெடுவதில்லை. ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். யூடியூப் 2009இல் தன் நட்சத்திரக் கணக்கைப் பார்த்தபோது பெரும்பாலானவை ஐந்து நட்சத்திரமாகவே இருந்தன. 2010இல் அந்த முறையைக் கைவிட்டு, ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற இரண்டு பொத்தான்களுக்கு மாறியது. நெட்ஃபிளிக்ஸும் 2017இல் நட்சத்திரங்களை விட்டது. கனமான ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்த ரசிகர்கள், தினமும் பார்த்தது என்னவோ லேசான நகைச்சுவைப் படங்களைத்தான் என்று அந்த நிறுவனம் கண்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம் விற்பனைத் தளங்களில் 4.1க்கும் 4.3க்கும் நடுவே ஏதோ பெரிய தர வேறுபாடு இருப்பதுபோல் வரிசைப்படுத்துகிறார்கள். சூடாகிறது என்று ஒருவர் கழித்த இரண்டு நட்சத்திரமும், நிறம் பிடிக்கவில்லை என்று இன்னொருவர் கழித்த இரண்டும் அதில் ஒரே எடைக்கு வந்துவிடுகின்றன.

எண் என்பதாலேயே அதைக் கூட்டம் சேர்ந்து கீழே தள்ளவும் முடிகிறது. 2017இல் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று இழிவாகச் சொன்னதாக ஒரு குற்றச்சாட்டு வந்தது. நிறுவனம் மறுத்தது. கோபமடைந்த பலர் பெயர் ஒற்றுமையால் ஸ்னாப்டீல் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஸ்னாப்டீல் இந்திய நிறுவனம். அதற்கும் அந்தப் பேச்சுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2020 மே மாதம் டிக்டாக் செயலியின் மதிப்பெண் நான்குக்கு மேலிருந்து இரண்டுக்கும் கீழே சில நாட்களில் விழுந்தது. பிறகு கூகுள் லட்சக்கணக்கான மதிப்பீடுகளை நீக்கியது. டிக்டாக் மேல் நியாயமான குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, செயலி நன்றாக இயங்குகிறதா என்று யாரும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

பணம் கொடுத்து வாங்கும் கருத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும். ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் கேஷ்பேக் தருவதாக எழுதியிருக்கும். நூறு ரூபாய்க்கு நாம் விற்றுவிடுவது நம் கருத்தை மட்டும் இல்லை, அதை நம்பி வாங்கப் போகிற முகம் தெரியாத ஒருவரின் ஆயிரம் ரூபாயையும் சேர்த்துத்தான். சட்டம் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது, ஆனால் கட்டாயமாக்காமல். காசு வாங்கிப் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை பொய்யைத் தடுக்கலாம். மூன்றாம் நாளில் உண்மையாகவே எழுதப்பட்ட, பயனில்லாத மதிப்புரையை எந்தச் சட்டமும் சரிசெய்யாது.

வழி இல்லாமலில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், ஒவ்வொரு மதிப்புரையின் மேலும் அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கும். அரை மணி நேரம் விளையாடியவர் சொல்வதையும் முந்நூறு மணி நேரம் விளையாடியவர் சொல்வதையும் படிப்பவரே எடைபோட்டுக்கொள்ளலாம். அண்மைக் கருத்துகளின் தொகுப்பும் மொத்தக் கருத்தும் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன. ஒரு அப்டேட் விளையாட்டைக் கெடுத்திருந்தால் அது உடனே வெளிப்பட்டுவிடும். கூகுள் ப்ளேயும் 2019இல் அண்மை மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கத் தொடங்கியது. போன் விற்கும் தளங்களிடம் வாங்கிய தேதி இருக்கிறது, எழுதிய தேதியும் இருக்கிறது. ‘வாங்கி 14 மாதம் கழித்து எழுதியது’ என்று ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. வாரன்டி முடியும் மாதத்தில் ஒரு முறை கேட்கவும் தடையில்லை. பொருளின் ஆயுள் தெரிந்தால் அடுத்த விற்பனை குறையுமோ என்ற கணக்கைத் தவிர, அதைச் செய்யாமலிருக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பரில் ‘கங்குவா’ படம் வெளியான பிறகு, முதல் நாளே திரையரங்க வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுவதை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் கோரினார்கள். காலம் தாழ்த்திய கருத்தே நல்லது என்று நான் சொல்வதை அங்கே பொருத்த முடியாது. படம் பார்த்து வெளியே வருபவர் அதை முழுதாக அனுபவித்து முடித்தவர். அவர் அன்றைக்கே பேசலாம். போனை வாங்கியவர் அனுபவிக்கத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆக, பயனர் கருத்து என்ற பழக்கத்தைக் கைவிடச் சொல்பவன் நானில்லை. தொழில்முறை விமர்சனத்தைவிட அதில் உண்மைக்கு இடம் அதிகம். அதன் நட்சத்திரத்தை நம்பாதீர்கள், வாக்கியத்தை நம்புங்கள். வாக்கியத்திலும், எத்தனை மாதம், எந்த ஊர் வெயில், எந்தப் பயன்பாடு என்று சொல்லும் வாக்கியத்தை நம்புங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களை முதலில் படியுங்கள். அவர்கள்தான் நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்லியிருப்பார்கள்.

படிப்பதோடு நிற்க வேண்டாம். அமேசானிலும் கூகுள் ப்ளேயிலும் பழைய மதிப்புரையைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஓராண்டுக்கு முன் நீங்கள் வாங்கிய ஒரு பொருளைத் தேடி எடுத்து, இன்று அது எப்படி இருக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, சர்வீஸ் சென்டரில் எப்படி நடத்தினார்கள், தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று நாலு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.